சீனக் கிராண்ட்மாஸ்டர்கள் எப்படி உருவாகிறார்கள்?

சீனச் செஸ் வீரர்களைப் பற்றிப் பேச்சு எழுந்தால் இரண்டு விளக்கங்கள் எப்போதும் தயாராக இருக்கும். "அவர்களுக்கு அது ரத்தத்திலேயே ஊறியது, காலங்காலமாகச் சதுரங்கம் ஆடுகிறவர்கள்" என்பது ஒன்று. "நான்கு வயதுப் பிள்ளையைப் பெற்றோரிடமிருந்து பிரித்துக்கொண்டுபோய், இரவும் பகலும் பயிற்சி கொடுத்து எந்திரமாக மாற்றிவிடுகிறார்கள்" என்பது இன்னொன்று. முதலாவது வியப்பில் வருவது. இரண்டாவது எரிச்சலில் வருவது. இரண்டிலுமே உண்மையான ஆட்டக்காரர்கள் காணாமல் போய்விடுகிறார்கள்.

1990இல் கிராண்ட்மாஸ்டரான முதல் சீனர் யே ரோங்குவாங். 2023இல் உலக சாம்பியனானவர் டிங் லிரென். இந்த இருவருக்கும் நடுவே வந்த முக்கியமானவர்களின் ஆட்ட வாழ்க்கையை வரிசையாக வைத்துப் பார்த்தால், ஏறக்குறைய எல்லோரும் ஒரே பாதையில் நடந்து வந்திருப்பது தெரியும். அந்தப் பாதையைப் போட்டது யார், அதில் எங்கே ஏறுகிறார்கள், எங்கே இறங்குகிறார்கள் என்பதைப் புரிந்துகொண்டால் போதும். மேதைமை, எந்திரம் ஆகிய இரண்டு சொற்களும் நமக்குத் தேவைப்படாது.

எந்த ஆட்டத்தைப் பற்றிப் பேசுகிறோம்?

சீனாவின் பழைய பலகை ஆட்டத்துக்கு ஷியாங்சி என்று பெயர். தெரு ஓரங்களிலும் பூங்காக்களிலும் பெரியவர்கள் கூடி ஆடுவது அதைத்தான். அதில் காய்கள் கட்டங்களுக்குள் நிற்பதில்லை, கோடுகள் வெட்டும் புள்ளிகளில் நிற்கும். பலகையின் நடுவே ஓர் ஆறு ஓடும். பீரங்கி என்றொரு காய் உண்டு. நடுவில் நிற்கும் ஒரு காயைத் தாண்டித்தான் அது வெட்ட முடியும். குகேஷும் பிரக்ஞானந்தாவும் ஆடும் 64 கட்ட செஸ் சீனாவுக்கு வெளியிலிருந்து வந்தது. இந்தக் கட்டுரை இரண்டாவதைப் பற்றியது.

முதல் தலைமுறையில் இரண்டு ஆட்டங்களுக்கும் இடையே உறவு இருந்தது என்பது உண்மைதான். பின்னாளில் பெண்கள் உலக சாம்பியனான ஷியே ஜுன், பத்து வயதில் பெய்ஜிங் நகரச் சிறுமியர் ஷியாங்சி சாம்பியன். விளையாட்டு அதிகாரிகள் சொன்னதால்தான் அவர் செஸ் பக்கம் வந்தார். ஏழு முறை தேசிய சாம்பியனான யே ஜியாங்சுவானும் ஷியாங்சியிலிருந்து வந்தவரே. அவர் செஸ் கற்கத் தொடங்கியபோது வயது 17. நான்கு வயதில் தொடங்காவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நம்பும் பெற்றோர் இந்த ஒரு தகவலையாவது நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் அடுத்தடுத்த தலைமுறையில் இந்த உறவு மெலிந்துவிட்டது. டிங் லிரென் நான்கு வயதிலேயே நேராக செஸ்ஸில் இறங்கியவர். ஹௌ யீஃபான் புத்தகக் கடைக் கண்ணாடி வழியே தெரிந்த செஸ் காய்களையே பார்த்துக்கொண்டு நின்றதைக் கண்டு தந்தை ஒரு பலகை வாங்கிக் கொடுத்தார் என்பது அவரைப் பற்றி அடிக்கடி சொல்லப்படும் செய்தி. ஷியாங்சிதான் ரகசியம் என்றால், அதில் தேராத இவர்கள் எப்படி உச்சிக்குப் போனார்கள் என்பதற்குப் பதில் கிடைக்காது.

கிராண்ட்மாஸ்டர் பட்டம் ஏன் இவ்வளவு தாமதமாக வந்தது?

கிராண்ட்மாஸ்டர் என்பது உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடே தரும் மிக உயர்ந்த பட்டம். ஒருமுறை கிடைத்தால் ஆயுள் முழுவதும் நிலைக்கும். அதைப் பெற இரண்டு நிபந்தனைகள். முதலாவது ரேட்டிங்: ஒருவரின் ஆட்ட பலத்தைக் காட்டும் எண். அது ஒரு முறையாவது 2500ஐத் தொட வேண்டும். இரண்டாவது நார்ம்: ஒரு போட்டித்தொடர் முழுவதும் 2600 ரேட்டிங் உள்ளவர் ஆடுவதுபோல ஆடிக்காட்டினால் கிடைக்கும் சான்று. பொதுவாக ஒன்பது ஆட்டங்கள் கொண்ட தொடர்களில், மூன்று நார்ம்கள் வேண்டும்.

சிக்கல் நார்மில்தான் இருக்கிறது. எதிரே உட்காருபவர்களில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கினர் கிராண்ட்மாஸ்டர்களாக இருக்க வேண்டும். வேற்று நாட்டவரும் இருக்க வேண்டும். நாட்டில் ஒரு கிராண்ட்மாஸ்டரும் இல்லை, வெளிநாட்டு வீரர்களும் வருவதில்லை என்றால், ஒருவர் எவ்வளவு நன்றாக ஆடினாலும் உள்ளூரில் நார்ம் கிடைக்காது. வெளியே போக வேண்டும். வெளியே போகப் பணம் வேண்டும், அனுமதி வேண்டும்.

சீனாவின் நிலைமை அப்படித்தான் இருந்தது. 1956இல் செஸ்ஸை அரசு முறையான விளையாட்டாக ஏற்றது. 1957இல் முதல் தேசிய சாம்பியன்ஷிப் நடந்தது. 1966இல் கலாசாரப் புரட்சி தொடங்கியதும் ஆட்டம் முடங்கியது. 1970களின் நடுவில்தான் மீண்டும் உயிர் வந்தது. 1975இல் ஃபிடேயில் சேர்ந்த சீனா, 1978இல் புவனோஸ் அயர்ஸில் முதன்முறையாக ஒலிம்பியாடில், அதாவது நாடுகளின் அணிகள் மோதும் செஸ் தொடரில், ஆடியது.

அந்த ஒலிம்பியாடில் நடந்த ஓர் ஆட்டத்தைச் சொல்லியே ஆக வேண்டும். லியு வென்ஜே என்ற சீனர் வெள்ளைக் காய்களுடன் ஆடுகிறார். எதிரே நெதர்லாந்தின் கிராண்ட்மாஸ்டர் யான் ஹைன் டோனர். சீன ஆட்டக்காரர் ஒருவரை அங்கே யாரும் பெரிதாக எண்ணவில்லை. 16ஆவது நகர்வில் லியு தன் ராணியைக் கொண்டுபோய் எதிரி ராஜாவின் பக்கத்திலேயே வைத்து "செக்" என்கிறார். ராஜாவே வந்து அந்த ராணியை வெட்டுகிறது. அங்கிருந்து டோனருக்கு மீட்சி இல்லை. பிஷப் ஒரு செக் கொடுத்து ராஜாவை ஓரத்து வரிசைக்குத் தள்ளுகிறது. அந்த வரிசையின் அடியில் யானை முதலிலிருந்தே காத்திருக்கிறது. பிஷப் சற்று விலகியதும் யானையின் செக் திறக்கிறது. 20ஆவது நகர்வோடு ஆட்டம் முடிந்துவிட்டது. பட்டம் ஏதும் இல்லாத நாட்டிலிருந்து வந்த ஒருவரின் ஆட்டம் அது.

இவ்வளவு பலம் இருந்தும் முதல் கிராண்ட்மாஸ்டர் வர 1990 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1981இலேயே தேசிய சாம்பியனான யே ஜியாங்சுவானுக்கு 1993இல்தான் பட்டம் கிடைத்தது. ஆகவே பழைய தலைமுறைச் சீனர் ஒருவர் பட்டம் பெற்ற ஆண்டை வைத்து அவருடைய திறமையை அளந்தால் கணக்கு தப்பாகிவிடும்.

சுருக்கமாக: பட்டத்துக்கு 2500 ரேட்டிங்கும் மூன்று நார்ம்களும் தேவை. நார்முக்கு வெளிநாட்டு எதிரிகள் தேவை. தொடக்ககாலச் சீன வீரர்களுக்கு அந்தக் கதவு நெடுங்காலம் திறக்கவில்லை. கதவைத் திறக்கும் சாவி தனிமனிதரிடம் இல்லாமல் அரசிடம் இருந்தது. அடுத்து வருவது எல்லாமே இந்த ஒரு காரணத்தோடு சேர்ந்தவை.

செஸ் ஆடுவதற்குச் சம்பளம்

நம் ஊர்க் கபடி வீரர் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். மாவட்டப் போட்டியில் யாரோ ஒரு பயிற்சியாளர் கண்ணில் படுகிறார். விளையாட்டு விடுதியில் இடம் கிடைக்கிறது. பிறகு ரயில்வேயோ காவல்துறையோ விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கு எடுத்துக்கொள்கிறது. அந்த அணிக்காகத் தேசியப் போட்டிகளில் இறங்குகிறார். மாதச் சம்பளம் வருகிறது. ஆடும் வயது கடந்ததும் அதே அணிக்குப் பயிற்சியாளர் ஆகிறார்.

சீனாவில் செஸ் ஏறக்குறைய இந்த முறையில்தான் நடக்கிறது. ரயில்வேயின் இடத்தில் அங்கே மாகாணமும் பெருநகரமும் இருக்கின்றன. பள்ளி விட்டதும் பிள்ளைகள் போகும் சிறுவர் மாளிகைகள், விளையாட்டுப் பள்ளிகள், இப்போது தனியார் வகுப்புகள் ஆகியவை முதல் படி. நகரப் போட்டியிலும் மாகாணப் போட்டியிலும் தேறுகிறவர்கள் மாகாண அணிக்குள் வருகிறார்கள். அணியில் சேர்ந்தவருக்கு உதவித்தொகையோ சம்பளமோ உண்டு, பயிற்சியாளர் உண்டு, பயணச் செலவுக்கு வழி உண்டு. அவர்களில் மிகச் சிலரைத் தேசியப் பயிற்சி அணி பெய்ஜிங்குக்கு அழைத்துக்கொள்கிறது. சொர்க்கக் கோயில் பூங்காவை ஒட்டியுள்ள பலகை ஆட்டத் தலைமையகத்தில் செஸ், ஷியாங்சி, கோ, பிரிட்ஜ் எல்லாமே ஒரே நிர்வாகத்தின் கீழ் நடக்கின்றன. அந்த நிர்வாகம் நாட்டின் விளையாட்டு அமைச்சகத்துக்கு இணையான அமைப்பின் ஒரு பிரிவு.

எனவே ஒவ்வொரு சீன வீரரின் பெயருக்குப் பின்னாலும் ஓர் ஊர் ஒட்டிக்கொண்டிருக்கும். டிங் லிரென் ஜெஜியாங் மாகாணத்துக்காரர், வெய் யி ஜியாங்சு, ஜு வென்ஜுன் ஷாங்காய், டான் ஜோங்யி சோங்சிங். 2005இல் தொடங்கிய தேசிய லீகில் அணிகள் இந்த அடையாளத்தோடுதான் மோதுகின்றன. இது வெறும் பெயரளவு அடையாளமும் அல்ல. 2025இல் பெண்கள் உலக சாம்பியன்ஷிப்பில் ஜு வென்ஜுனும் டான் ஜோங்யியும் மோதியபோது, தொடரின் ஒரு பாதி ஷாங்காயிலும் மறு பாதி சோங்சிங்கிலும் நடந்தது. இரண்டு ஊர்களும் தத்தம் வீராங்கனையைச் சொந்தம் கொண்டாடின.

வென்சோ என்ற ஒரே ஊர்

இந்த அமைப்பு எப்படி வேலை செய்கிறது என்பதைப் பார்க்க வென்சோ போதும். ஜெஜியாங்கின் தென்பகுதியில் கடலோரம் இருக்கும் இந்த ஊர் வணிகர்களுக்குப் பெயர்பெற்றது. சீனாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் யே ரோங்குவாங் இங்கே பிறந்தவர். 2001இல் பெண்கள் உலக சாம்பியனான ஜூ சென் இங்கே பிறந்தவர். டிங் லிரெனும் இங்கே பிறந்தவர். ஜூ சென்னுக்கு இளவயதில் பயிற்சி கொடுத்த சென் லிஷிங்தான் பல ஆண்டுகள் கழித்துச் சிறுவன் டிங்குக்கும் பயிற்சி கொடுத்தார்.

ஊரின் தண்ணீரில் ஏதோ இருக்கிறது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஊரில் ஒரு நல்ல பயிற்சியாளர் இருந்தார். அவர் வேறு வேலை தேடிப் போக வேண்டிய நிலை வரவில்லை. ஒரு தலைமுறை ஜெயித்ததும் அடுத்த தலைமுறைப் பிள்ளைகள் அவரைத் தேடி வந்தார்கள். நல்ல பயிற்சியாளர் ஒருவர் ஒரே ஊரில் நீண்ட காலம் தங்கினால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. சென்னையில் ஒரே பயிற்சிப் பள்ளியிலிருந்து பல கிராண்ட்மாஸ்டர்கள் வந்ததைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும்.

பெண்கள் முதலில்

சீன செஸ் பற்றிய கட்டுரைகள் பெரும்பாலும் கடைசியில் ஒரு பத்தியில் "பெண்களும் சாதித்திருக்கிறார்கள்" என்று முடித்துக்கொள்ளும். உண்மையில் கதை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

சீன செஸ் நிர்வாகம் தன் இலக்கை நான்கு படிகளாகப் பிரித்து வைத்திருந்தது: பெண்கள் தனிநபர் உலகப் பட்டம், பிறகு பெண்கள் அணிப் பட்டம், பிறகு ஆண்கள் அணிப் பட்டம், கடைசியாக ஆண்கள் தனிநபர் உலகப் பட்டம். காரணம் எளிமையானது. அன்றைய உலகில் பெண்கள் செஸ்ஸில் முன்னணியில் இருந்தவர்கள் எண்ணிக்கையில் குறைவு. சோவியத் நாட்டைத் தவிர வேறு யாரும் அதில் பெரிதாக முதலீடு செய்யவில்லை. 1950 முதல் 1991 வரை பெண்கள் உலக சாம்பியன் ஆனவர்கள் எல்லோருமே சோவியத் வீராங்கனைகள். கையில் கொஞ்சம் பணமும் சில திறமைசாலிகளும் மட்டும் உள்ள நாடு எங்கே முட்டினால் கதவு முதலில் திறக்கும் என்று பார்த்துத் தீர்மானித்தார்கள்.

1991இல் மணிலாவில் ஷியே ஜுன் அப்போதைய சாம்பியன் மாயா சிபுர்தானிட்ஸேயை 8.5-6.5 என வென்றார். அப்போது அவருக்கு வயது 20. முதல் படி ஏறியாயிற்று. 1998இல் பெண்கள் அணி ஒலிம்பியாட் தங்கம் வென்றது. 2000, 2002, 2004இலும் அதுவே தொடர்ந்தது. இரண்டாம் படியும் ஆயிற்று. மூன்றாம் படிக்கு 2014 வரை பொறுக்க வேண்டியிருந்தது. நான்காம் படி 2023. முதலுக்கும் நான்குக்கும் இடையே 32 ஆண்டுகள். ஒரு நிர்வாகம் ஒரே திட்டத்தை இத்தனை காலம் கைவிடாமல் வைத்திருந்ததுதான் என்னை மிகவும் ஈர்க்கும் பகுதி.

ஷியே ஜுன்னுக்குப் பிறகு ஜூ சென், ஷு யுஹுவா, ஹௌ யீஃபான், டான் ஜோங்யி, ஜு வென்ஜுன் என்று மொத்தம் ஆறு சீனப் பெண்கள் உலக சாம்பியன் ஆகியிருக்கிறார்கள். இவர்களின் பயிற்சியில் ஒரு பொதுத்தன்மை உண்டு: ஆண்களோடு ஒரே கூரையின் கீழ் பயிற்சி. தேசியப் பயிற்சி மையம் இரு அணிகளுக்கும் ஒன்றே. லீகில் ஓர் அணி என்றால் ஆண்களும் பெண்களும் சேர்ந்ததுதான். பெண்கள் பலகையில் தோற்றால் அணியே தோற்கும். எனவே ஒவ்வொரு மாகாணமும் தன் பெண் வீரர்களை வளர்த்தே ஆக வேண்டும். அறிவுரையால் வராத சமத்துவம் புள்ளிப் பட்டியலால் வந்தது.

ஹௌ யீஃபான் இதன் உச்சம். 2003இல், ஒன்பது வயதில், தலைமைப் பயிற்சியாளர் யே ஜியாங்சுவானோடு ஆடினார். யே செய்த பலவீனமான நகர்வுகளை அந்தச் சிறுமி ஏறக்குறைய முழுவதுமாகச் சுட்டிக்காட்டிவிட்டார் என்பது சீன செஸ்ஸில் எல்லோருக்கும் தெரிந்த கதை. 14 வயதில் கிராண்ட்மாஸ்டர், 16 வயதில் உலக சாம்பியன்.

சுருக்கமாக: மாகாண அணி, பிறகு பெய்ஜிங், அங்கே ஆணும் பெண்ணும் சேர்ந்து பயிற்சி. நான்கு படித் திட்டத்தில் முதல் இரண்டு படிகளை ஏறிக் காட்டியவர்கள் பெண்கள். ஆண்கள் அணிக்குப் பணமும் கவனமும் பெருகியதில் அவர்களின் பங்கு பெரிது.

நட்சத்திரம் இல்லாமல் வென்ற அணி

2014இல் நார்வேயின் ட்ரோம்ஸோவில் ஒலிம்பியாட். சீன ஆண்கள் அணி தரவரிசையில் ஏழாவதாக வந்து இறங்கியது. வாங் யுவே, டிங் லிரென், யூ யாங்யி, நி ஹுவா, மாற்று வீரராக 15 வயது வெய் யி. உலகின் முதல் பத்து பேரில் ஒருவரும் இந்த ஐவரில் இல்லை. 11 சுற்றுகளில் எட்டு வெற்றி, மூன்று சமன், தோல்வி இல்லை. தங்கம்.

இது எப்படி நடந்தது? தொடக்க நகர்வுகளுக்கான ஆராய்ச்சியை ஐரோப்பிய வீரர்கள் பெரும்பாலும் தனித்தனியாக, தங்கள் சொந்தச் செலவில், ரகசியமாகச் செய்வார்கள். நாளை ஒருவருக்கொருவர் எதிராளியாகலாம் அல்லவா? சீன அணியில் அது பொதுச் சொத்துபோல. பயிற்சி முகாமில் ஒன்றாக உட்கார்ந்து தயார் செய்கிறார்கள். யார் எந்தப் பலகையில் சமன் செய்ய வேண்டும், யார் வெற்றிக்குப் போக வேண்டும் என்பதையும் அணியாகவே முடிவு செய்கிறார்கள். லீகில் ஆண்டுதோறும் இதே மனநிலையில் ஆடிப் பழகியவர்களுக்கு ஒலிம்பியாட் புதிதாக இருக்கவில்லை.

ஏழாவது தரவரிசை என்பதிலேயே இன்னொரு சூட்சுமமும் இருக்கிறது. ரேட்டிங் புள்ளிகள் ஆகாயத்திலிருந்து வருவதில்லை. ஒருவர் ஜெயித்துச் சேர்க்கும் புள்ளியைப் பெரும்பாலும் எதிரே தோற்றவர் இழக்கிறார். ஒரே கூட்டத்தினர் தங்களுக்குள்ளேயே ஆடிக்கொண்டிருந்தால், எல்லோருடைய ஆட்டமும் உயர்ந்தாலும் மொத்தப் புள்ளி ஏறக்குறைய அப்படியே இருக்கும். பத்துச் சிறுவர்கள் ஓராண்டில் பெரிதாக முன்னேறினாலும், எண்ணில் அது தெரியாது. அந்தக் கூட்டத்திலிருந்து ஒருவர் வெளியே போய் ஆடும்போதுதான் உலகம் திடுக்கிடும். உள்நாட்டுப் போட்டிகளே அதிகமாக ஆடிய சீன வீரர்கள் பல காலம் தங்கள் எண்ணைவிடப் பலசாலிகளாக இருந்ததற்கு இதுதான் காரணம். "எங்கிருந்தோ வந்தான்" என்று வியக்கப்பட்டவர்கள் எங்கிருந்தோ வந்தவர்கள் அல்லர். பல ஆண்டுகளாக உள்ளூரில் ஒருவரையொருவர் கசக்கிக்கொண்டிருந்தவர்கள்.

மூடிய கூட்டத்துக்கு இன்னொரு விலையும் உண்டு. பெருந்தொற்றுக் காலத்தில் சீனா தன் எல்லைகளை இறுக்கியபோது ஒரு தலைமுறை இளம் வீரர்கள் சர்வதேசப் போட்டி இல்லாமல் வளர்ந்தார்கள். 2022இல் சென்னை மாமல்லபுரம் ஒலிம்பியாடுக்குச் சீனா வரவே இல்லை. அதே காலத்தில் உஸ்பெகிஸ்தான், இந்தியச் சிறுவர்கள் உலகம் முழுவதும் ஆடிக்கொண்டிருந்தார்கள். 2024 புடாபெஸ்ட் ஒலிம்பியாடில் இந்தியா இரு தங்கங்களும் வென்றபோது அந்த இடைவெளி கண்ணுக்குத் தெரிந்தது.

குறைவாக எடுத்து, ஆழமாக வளர்ப்பது

இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் விஸ்வநாதன் ஆனந்த், 1988. சீனாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் 1990. ஏறக்குறைய ஒரே கோட்டிலிருந்து புறப்பட்ட இரண்டு நாடுகள். 2025 ஜூலையில் திவ்யா தேஷ்முக் இந்தியாவின் 88ஆவது கிராண்ட்மாஸ்டர் ஆனார். சீனாவில் எண்ணிக்கை ஐம்பதை ஒட்டித்தான் நிற்கிறது.

இங்கே இந்தியாவில் பட்டத்தைத் துரத்துவது குடும்பம். கடன் வாங்கியோ, ஆதரவாளர் தேடியோ, ஊர் ஊராகப் பறந்து மூன்று நார்ம்களைச் சேர்க்கிறார்கள். குகேஷின் தந்தை தன் மருத்துவப் பணியை ஒதுக்கி வைத்துவிட்டு மகனோடு பயணம் செய்தவர். சீனாவில் யாரை வெளியே அனுப்புவது என்பதை வெகுகாலம் அணிதான் தீர்மானித்தது. தேறியவர்கள் சிலர், அவர்களுக்கு எல்லாம் கிடைத்தது. தேறாதவர்களில் எத்தனை பேர் கிராண்ட்மாஸ்டர் ஆகியிருக்கக்கூடியவர்கள் என்பதை எந்தப் பட்டியலும் சொல்லாது. சீன முறையின் மிகப் பெரிய குறை இதுதான் என்பது என் எண்ணம்.

அனுப்பத் தீர்மானித்துவிட்டால் நிர்வாகம் பின்னால் நிற்கும் என்பதற்கும் சான்று இருக்கிறது. 2022 கேண்டிடேட்ஸ் தொடரில், அதாவது உலக சாம்பியனை எதிர்த்து ஆடப்போவது யார் என்று தீர்மானிக்கும் தொடரில், ரஷ்ய வீரர் செர்கே கர்யாகின் தடைசெய்யப்பட்டதால் ஓர் இடம் காலியானது. ரேட்டிங்கில் அடுத்து இருப்பவருக்கு அது போகும். டிங் உலகின் முன்னணியில் இருந்தாலும், பயணத் தடையால் விதி கேட்ட 30 ஆட்டங்களில் பெரும்பகுதியை ஆடவில்லை. சீன நிர்வாகம் சில வாரங்களுக்குள் அடுத்தடுத்துப் போட்டிகளை ஏற்பாடு செய்தது. டிங் ஆடி முடித்து, உலக இரண்டாம் இடத்துக்கு ஏறி, மாட்ரிட்டுக்குப் போனார். அங்கே இரண்டாம் இடம். பிறகு அப்போதைய உலக சாம்பியன் மாக்னஸ் கார்ல்சன் பட்டத்தைக் காக்க விரும்பாமல் விலக, டிங்குக்கு இறுதிப் போட்டியே திறந்தது.

எந்திரம் இப்படி ஆடாது

2023 ஏப்ரல் 30, அஸ்தானா. ரஷ்யாவின் இயான் நெபோம்னியாஷியோடு 14 ஆட்டங்கள் 7-7 எனச் சமன். அந்தச் சமனை உடைக்க ஆடிய விரைவு ஆட்டங்களில் நான்காவது, கடைசி. டிங் கறுப்புக் காய்கள். எதிரி ராணி செக் மேல் செக் கொடுக்கிறது. ராஜாவை முன்னும் பின்னும் நகர்த்தினால் சமன் உறுதி. கடிகாரத்தில் நேரமும் மிகக் குறைவு. டிங் தன் யானையை ராஜாவுக்கு முன்னே கொண்டுவந்து நிறுத்துகிறார். அந்த யானை அங்கிருந்து அசைய முடியாமல் கட்டுண்டு போகும் என்று தெரிந்தே செய்கிறார். வெற்றியைத் தேடுகிறவர் மட்டுமே அந்த இடத்தில் அதைச் செய்வார். அந்த ஆட்டத்தை வென்று உலக சாம்பியன் ஆனார்.

அப்போது ஆட்டங்களுக்குத் தயாராவதில் அவருக்குத் துணையாக இருந்தவர் ஹங்கேரியில் பிறந்த கிராண்ட்மாஸ்டர் ரிச்சர்ட் ராப்போர்ட். அரசு அமைப்பிலிருந்து கிளம்பிய வீரர், கடைசிப் படியில் தனக்குப் பிடித்த வெளிநாட்டு நண்பரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். மனச்சோர்வும் தூக்கமின்மையும் தன்னை வருத்தியதைப் பற்றி டிங் வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். ஹௌ யீஃபானும் உலகப் பட்டம் தீர்மானிக்கப்படும் முறை தனக்கு ஏற்புடையதாக இல்லை என்று சொல்லி அந்தச் சுற்றிலிருந்தே விலகினார். கட்டளைக்கு ஆடும் பொம்மைகள் இப்படியெல்லாம் செய்வதில்லை.

பலகைக்கு அடுத்து பல்கலைக்கழகம்

சீன வீரர்களின் வாழ்க்கையில் வெளியாட்கள் அதிகம் கவனிக்காத பொது அம்சம் படிப்பு. டிங் பீகிங் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்தவர். ஹௌ யீஃபான் அதே பல்கலைக்கழகத்தில் சர்வதேச உறவுகள் படித்து, ரோட்ஸ் உதவித்தொகையில் ஆக்ஸ்ஃபோர்டு போய், 2020இல் 26 வயதில் ஷென்ஜென் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆனார். ஷியே ஜுன் உளவியலில் முனைவர் பட்டம் பெற்றுக் கல்வித்துறைக்குப் போனார். விளையாட்டில் உயர்ந்தவர்களுக்குப் பல்கலைக்கழகச் சேர்க்கையில் தனி வழி இருப்பது இதற்கு உதவுகிறது. பிள்ளையைச் செஸ்ஸுக்கு விடலாமா என்று தயங்கும் சீனப் பெற்றோருக்கு இது பெரிய ஆறுதல்.

மற்றவர்கள் பயிற்சியாளர் ஆகிறார்கள், அதுவும் சீக்கிரமாகவே. யே ஜியாங்சுவான் 2000இல் தேசிய அணிகளின் தலைமைப் பயிற்சியாளர் ஆனார். ஹௌ யீஃபானுக்குப் பயிற்சி தந்த யூ ஷாவ்டெங் தானும் ஒரு கிராண்ட்மாஸ்டர். ட்ரோம்ஸோ அணியில் ஆடிய நி ஹுவாவும் பயிற்சி பக்கம் வந்தவர். முப்பதைத் தாண்டியதும் பல சீனப் பெயர்கள் சர்வதேசப் பட்டியல்களிலிருந்து மறைவதைப் பார்த்து "தீர்ந்துபோய்விட்டார்கள்" என்று முடிவு கட்டுகிறோம். அவர்களில் பலர் வேறொரு மாகாண அணியின் அறையில் அடுத்த தலைமுறைக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருப்பார்கள்.

படிப்புக்குப் போனவர்கள் திரும்பி வருவதும் உண்டு. வெய் யி 13 வயதில் கிராண்ட்மாஸ்டர், 15 வயதில் 2700 ரேட்டிங். அந்த வயதில் அதுவரை யாரும் அதைத் தொட்டதில்லை. பிறகு சிங்குவா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார், போட்டிகள் குறைந்தன, அவரை எல்லோரும் ஏறக்குறைய மறந்தே போனார்கள். 2024 ஜனவரியில் நெதர்லாந்தின் வைக் ஆன் ஸீ போட்டிக்கு வந்தார். முதலிடத்தில் பலர் சமநிலையில் நிற்க, கூடுதல் ஆட்டங்களின் இறுதியில் குகேஷை வென்று கோப்பையை எடுத்துக்கொண்டு போனார்.